ஒன்றும் இரண்டும்

திருவொற்றியூர் காலடிப்பேட்டை வீட்டின் பாகப்பிரிவினைப் பத்திரத்தில் மூன்றாவது நபராக நான் வருகிறேன். "மைனர்" என்று ஆரம்பித்து என் பெயர், காலமான அப்பாவின் பெயர், அப்புறம் "வயது 2". எனக்காகக் கையெழுத்துப் போட்டிருப்பவர் தாயாரும் கார்டியனுமான அம்மா. வருடம் 1982. என்னைப் பற்றி அதில் இருப்பது அவ்வளவுதான். வடக்கே யார் வீட்டுச் சுவர், கிழக்கே எந்தச் சந்து, கிணற்றில் யார் யார் தண்ணீர் சேந்தலாம் என்பதற்கெல்லாம் அரைப் பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள்.

வங்கிக் கடனுக்காக அந்தப் பத்திரத்தை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு மெட்ரோவில் வரும்போதுதான் முதல்முறை முழுக்கப் படித்தேன். அந்த நாட்களில் பையில் இன்னொரு ஜெராக்ஸும் இருந்தது. மயிலாடுதுறைப் பக்கத்துப் பல்லவராயன்பேட்டைக் கல்வெட்டின் வாசகம். பாரிமுனையில் ஒரு ஷிப்பிங் கம்பெனியில் கணக்கு எழுதுவது என் பிழைப்பு. கல்வெட்டு, ஞாயிற்றுக்கிழமைப் பைத்தியம். அந்த இரண்டாவது ஜெராக்ஸில் ஒரு இடத்தில் நின்றுவிட்டேன். சோழ அரசர் இரண்டாம் ராஜராஜன் இறந்துபோகிறார். பிள்ளைகளுக்கு "ஒன்றும் இரண்டும் திருநட்சத்திரம்" என்கிறது கல்வெட்டு. அதாவது ஒரு குழந்தைக்கு ஒரு வயது, இன்னொன்றுக்கு இரண்டு. பெயர் கிடையாது. வயது மட்டும்தான்.

தேரடி ஸ்டேஷனில் இறங்க மறந்து விம்கோ நகர் வரைக்கும் போய்த் திரும்பி வந்தேன்.

கதை இதுதான். 12ஆம் நூற்றாண்டு. தாராசுரம் கோயிலைக் கட்டிய அந்த ராஜராஜனுக்குப் பட்டம் கட்டுகிற வயதில் பிள்ளை இல்லை. தன் காலம் முடியப்போவது தெரிந்தோ என்னவோ, உயிரோடு இருக்கும்போதே வாரிசு தேடுகிறார். விக்கிரம சோழனின் பேரனும் நெறியுடைப் பெருமாளின் மகனுமான எதிரிலிப் பெருமாள் என்ற இளைஞரைத் தேர்ந்தெடுக்கிறார். பிறகு அரசர் கண்ணை மூடுகிறார். உடனே கலகம் வருகிறது. யார் செய்தது என்று கல்வெட்டு வெளிப்படையாகச் சொல்வதில்லை. ஆனால் ஆயிரத்தளி என்ற படைவீட்டில் குழந்தைகளை வைத்திருப்பது ஆபத்து என்கிற நிலை வந்துவிட்டது. அப்போது பல்லவராயர் என்ற பெரிய அதிகாரி அந்தப்புரம், பரிவாரம், குழந்தைகள் எல்லோரையும் அங்கிருந்து கிளப்பி ராஜராஜபுரத்துக்குக் கொண்டுபோகிறார். தாராசுரத்துக்கு அந்தக் காலத்தில் அந்தப் பெயர் உண்டு. அதன் பிறகு எதிரிலிப் பெருமாளுக்கு ராஜாதிராஜன் என்று முடிசூட்டி, உடன்கூட்டமும் நாடும் ஒன்றுபட்டு நடக்கும்படி செய்கிறார்.

இந்தப் பல்லவராயர் நம் பக்கத்து ஆள். தொண்டைமண்டலத்துக் காரிகைக்குளத்தூர்க்காரர். திருச்சிற்றம்பலமுடையான் பெருமான்நம்பி என்பது முழுப்பெயர். கைக்குழந்தைகளையும் அழுகிற பெண்களையும் ஏற்றிக்கொண்டு ஒரு ஊரைவிட்டு இன்னொரு ஊருக்குப் போன அந்தப் பயணத்தைத்தான் நான் அடிக்கடி யோசிக்கிறேன். ஒரு வயதுக் குழந்தை அழுதால் யார் வாயைப் பொத்தியிருப்பார்கள்? பால் யார் கொடுத்திருப்பார்கள்? இரண்டு வயதுப் பிள்ளை நிச்சயம் "எங்க போறோம்" என்று நூறு தடவை கேட்டிருக்கும்.

நானும் அப்படி ஒருமுறை கொண்டுபோகப்பட்டவன்தான், பல்லக்கு இல்லை, சைக்கிள் ரிக்‌ஷா. அப்பா எண்ணூர் நெடுஞ்சாலையில் லாரி மோதி இறந்து பதினாறு முடிந்த மறுநாள், பெரியப்பாவுக்கும் தாய்மாமாவுக்கும் வாய்ச்சண்டை முற்றி, மாமா அம்மாவையும் என்னையும் இரண்டு டிரங்குப் பெட்டியையும் காசிமேட்டுக்கு ஏற்றிவிட்டார். எனக்கு நினைவில்லை. ஆயா சொல்லித்தான் தெரியும். "நீ வழி முச்சூடும் உங்கப்பன் சைக்கிள்தான் வேணும்னு அழுத" என்பாள்.

மாமாவின் கட்சியில் வளர்ந்ததால் என் மனதில் பாத்திரங்கள் ரொம்ப நாளைக்கு முன்பே முடிவாகிவிட்டன. மாமா காப்பாற்றியவர். பெரியப்பா பிடுங்கிக்கொண்டவர். வீட்டின் முன்பக்கத்தில் இரண்டு கடைகள், ஒன்று சைக்கிள் கடை, ஒன்று தையல் கடை. வாடகையை வாங்கியது பெரியப்பா. "புள்ள பெரியவனாகட்டும், அவன் பங்கு அவனுக்குத்தான்" என்பது அவர் பேச்சு. 1956ஆம் வருடத்துச் சட்டப்படி மைனர் பங்கை அம்மாவே விற்க நினைத்தாலும் நீதிமன்ற அனுமதி வேண்டும். ஆனால் வாடகையை யார் கையில் வாங்கி யார் பையில் போடுகிறார்கள் என்பதற்கு எந்த நீதிபதி வந்து பார்க்கப் போகிறார்?

அதனால் கல்வெட்டைப் படித்ததும் எனக்கு முதலில் வந்தது சந்தேகம்தான். குழந்தைகள் உயிரோடு இருக்கும்போது வேறு கிளையிலிருந்து ஒருவர் வந்து அரியணையில் உட்காருகிறார். "பெரியவரே என்னைத்தான் தேர்ந்தெடுத்தார்" என்று கல்லில் எழுதுகிறார்கள். எழுதியது எந்த ஆட்சியில்? அவருடைய ஆட்சியின் 8ஆம் ஆண்டில். பல்லவராயர் நோயில் இறந்தபின் அவர் குடும்பத்தாருக்கு நிலம் கொடுத்த சாசனம் அது. அந்தக் குழந்தைகள் சார்பில் ஒரு கல்வெட்டு இருந்திருந்தால் என்ன சொல்லியிருக்கும்? கணக்கு எழுதுகிறவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ரசீதில் யார் கையெழுத்து என்று பார்த்துவிட்டுத்தான் தொகையைப் பார்ப்பான்.

இந்தச் சந்தேகத்தோடு திருவொற்றியூர்க் கோயிலுக்கு வந்தால் விஷயம் இன்னும் சுவாரசியமாகிறது. அதே ராஜாதிராஜனின் 9ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று இங்கே இருக்கிறது. பல்லவராயர் சாசனத்துக்கு அடுத்த வருடம். பங்குனித் திருநாளில் இறைவன் மகிழ மரத்தடியில் எழுந்தருளியிருக்க, ஆளுடைய நம்பி புராணம் சொல்லப்படுகிறது. மடத்துத் தலைவர் சதுரானன பண்டிதரோடு அரசரும் உடனிருந்து கேட்கிறார். ஆளுடைய நம்பி என்றால் சுந்தரர். இந்த ஊரில் சுந்தரர் கதை என்றால் அது சங்கிலி நாச்சியார் கதைதான்.

எங்கள் ஊரில் அதைச் சொல்லித் தராத ஆயா கிடையாது. பூக்கட்டும் சங்கிலியைப் பார்த்து சுந்தரர் மனம் பறிகொடுக்கிறார். உன்னைப் பிரியமாட்டேன் என்று சத்தியம் செய்தால்தான் கல்யாணம் என்கிறாள். அவருக்கோ திருவாரூரில் பரவையார் இருக்கிறார். பிரியாமல் எப்படி இருக்க முடியும்? சிவனிடம் போய், "நாளைக்கு நான் சன்னதிக்கு முன்னால் சத்தியம் செய்ய வருவேன், அந்த நேரம் நீங்கள் மகிழ மரத்தில் போய் இருந்துகொள்ளுங்கள்" என்று ஏற்பாடு செய்கிறார். சரி என்கிற சிவன், சங்கிலியின் கனவில் போய் "மகிழ மரத்தடியில் சத்தியம் கேள்" என்று சொல்லிவிடுகிறார். மறுநாள் வேறு வழியில்லாமல் மரத்தை மூன்றுமுறை வலம் வந்து "பிரியேன்" என்கிறார் சுந்தரர். அப்புறம் ஒரு வசந்த காலத்தில் திருவாரூர் நினைவு வர, கிளம்பிவிடுகிறார். ஊர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் போய்விடுகிறது.

மறைந்த அரசரின் பிள்ளைகள் ஒரு பக்கம் இருக்க, அரியணையில் இருக்கும் ஒருவர், சத்தியம் செய்து மீறியவனின் கதையை, சத்தியம் நடந்த மரத்தின் கீழேயே கேட்டுக்கொண்டிருக்கிறார். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிய பல்லவராயர் அப்போது உயிரோடு இல்லை. அந்தப் பிள்ளைகள் அதற்குள் ஓடி விளையாடும் வயதுக்கு வந்திருப்பார்கள். சுந்தரர் கண் போகும் இடம் வந்தபோது அரசர் முகம் எப்படி இருந்திருக்கும்? கல் அதையெல்லாம் சொல்லாது. எனக்குத்தான் அந்த மரத்தடிக்குப் போகும்போதெல்லாம் அரசர் உட்கார்ந்திருந்த இடம் எதுவாக இருக்கும் என்று தேடத் தோன்றுகிறது.

அவர் பக்கத்தில் இருந்த சதுரானன பண்டிதர் என்ற பட்டத்துக்கும் ஒரு பூர்வகதை உண்டு, அதிலும் ஒரு வாரிசு இருக்கிறான். 949இல் சோழருக்கும் ராஷ்டிரகூடருக்கும் தக்கோலப் போர். அரக்கோணத்துக்குப் பக்கத்தில்தான். சோழ அரசர் பராந்தகனின் மகனும் பட்டத்து இளவரசனுமான ராஜாதித்தன் யானைமேல் இருந்தபடியே கொல்லப்படுகிறான். அவனுக்கு நெருக்கமாக இருந்த கேரளத்துக்காரர் ஒருவர் அந்த நேரம் அவன் பக்கத்தில் இல்லை. கூட நின்று சாகவில்லையே என்ற குறுகுறுப்பில் எல்லாவற்றையும் விட்டுக் கங்கைக்குப் போய், கடைசியில் திருவொற்றியூருக்கு வந்து நிரஞ்சன குருவிடம் துறவு வாங்குகிறார். அவர் பெற்ற பெயர்தான் சதுரானனர். ராஷ்டிரகூட மன்னன் கன்னரதேவன் காலத்து சமஸ்கிருதக் கல்வெட்டு இதைச் சொல்கிறது. ராஜாதித்தனைக் கொன்ற தரப்பின் அரசன்தான் இந்தக் கன்னரதேவன் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். இருநூறு வருடம் கழித்து அதே பெயரைத் தாங்கிய இன்னொரு பண்டிதர் ராஜாதிராஜனோடு உட்கார்ந்து புராணம் கேட்கிறார்.

ராஜாதித்தன் செத்த பிறகு சோழர் வீட்டில் நடந்தது தமிழ்நாட்டில் டீக்கடை வரைக்கும் தெரிந்த கதை, ஆகையால் சுருக்கமாகவே சொல்கிறேன். ராஜாதித்தனின் தம்பி கண்டராதித்தன் இறக்கும்போது மகன் மதுராந்தகன் சின்னக் குழந்தை. தாய் செம்பியன் மாதேவி. அரியணை சித்தப்பா அரிஞ்சயனுக்கும் அப்புறம் அவர் மகன் சுந்தர சோழனுக்கும் போகிறது. பத்துப் பதினைந்து வருடம் கழித்துத்தான் மதுராந்தகன் உத்தம சோழன் ஆகிறார். 985இல் முதலாம் ராஜராஜன் வருகிறார். சித்தப்பா உத்தம சோழனுக்கு ஆசை இருக்கும்வரை ராஜ்யத்தைத் தான் மனத்தாலும் விரும்பவில்லை என்று ராஜராஜனைப் பற்றித் திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது. அதை வெளியிட்டது ராஜராஜனின் மகன். மறுபடியும் ரசீதுக் கையெழுத்துதான்.

ஆனாலும் எல்லாக் குழந்தை வாரிசும் இழுபறியில் பரிதாபமாக நிற்பதில்லை. காஞ்சி வைகுந்தப் பெருமாள் கோயில் சுற்றுச்சுவரில் ஒரு பையன் இருக்கிறான். பல்லவர் குலத்தில் வாரிசு அற்றுப்போய், ஊர்ப் பெரியவர்கள் இரணியவர்மனிடம் போய் ஒரு பிள்ளையைத் தாருங்கள் என்கிறார்கள். மூத்தவர்கள் மாட்டேன் என்கிறார்கள். கடைசிப் பையன், 12 வயது, "நான் போகிறேன்" என்கிறான். அவன்தான் இரண்டாம் நந்திவர்மன். அறுபது வருடத்துக்கு மேல் ஆண்டான். அந்தச் சிற்பங்களில் அப்பா முகத்தை ரொம்ப நேரம் பார்த்தேன். கல் தேய்ந்துவிட்டது, ஒன்றும் பிடிபடவில்லை.

நான் நிஜமாகவே கவலைப்படுவது இன்னொரு பிள்ளைக்காக. ராஜாதிராஜன் ஆட்சியில்தான் அதுவும் நடந்தது, மதுரையில். பராக்கிரம பாண்டியனுக்கும் குலசேகர பாண்டியனுக்கும் அரியணைச் சண்டை. பராக்கிரமன் இலங்கை அரசன் பராக்கிரமபாகுவிடம் உதவி கேட்கிறான். படை வந்து சேர்வதற்குள் குலசேகரன் மதுரையைப் பிடித்து, பராக்கிரமனையும் மனைவி மக்களையும் கொன்றுவிடுகிறான். ஒரே ஒரு பையன் தப்பி மலைநாட்டுப் பக்கம் ஒளிகிறான். வீரபாண்டியன். இலங்கைத் தளபதி லங்காபுரன் வந்து அந்தப் பையனைத் தேடிக் கண்டுபிடித்து அரியணையில் உட்காரவைக்கிறான். குலசேகரன் சோழரிடம் ஓடுகிறான். சோழர்கள் பல்லவராயரை அனுப்புகிறார்கள். ஆமாம், இரண்டு குழந்தைகளைக் காப்பாற்றிய அதே பல்லவராயர். அவர் இலங்கைப் படையைத் தோற்கடித்து, தளபதிகளின் தலைகளை மதுரைக் கோட்டை வாசலில் ஆணி அடித்து மாட்டி, குலசேகரனுக்கு மதுரையைத் திருப்பிக் கொடுக்கிறார். ஒரு வீட்டுக் குழந்தைக்குத் தெய்வமாக நின்ற மனிதர், இன்னொரு வீட்டுக் குழந்தைக்கு எதிராக நிற்கிறார்.

அந்தப் போர் இங்கே வரைக்கும் பயத்தைக் கிளப்பியது. காஞ்சிக்குப் பக்கத்தில் ஆர்ப்பாக்கம் கல்வெட்டில், எதிரிலிசோழ சம்புவராயர் கலங்கிப்போய், உமாபதிதேவர் என்ற ஞானசிவரிடம் வேண்ட, அவர் 28 நாள் பூஜை செய்ததாக இருக்கிறது. பலித்தது என்று ஊரையே எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

வேடிக்கை அதற்கப்புறம். குலசேகரன் கொஞ்ச நாளில் இலங்கையோடு சேர்ந்துகொண்டு, தன்னைக் காப்பாற்றிய சோழர்களுக்கு எதிராகவே சதி செய்கிறான். உடனே சோழர்கள் வீரபாண்டியனைக் கொண்டுவந்து மதுரையில் வைக்கிறார்கள். ராஜாதிராஜனின் 12ஆம் ஆண்டுத் திருவாலங்காட்டுக் கல்வெட்டு இதைச் சொல்கிறது. எந்தப் பையனைத் துரத்தினார்களோ அவனே இப்போது உரிமைக்காரன். மூன்றாம் குலோத்துங்கன் வந்ததும் மறுபடி தலைகீழ். வீரபாண்டியனை விரட்டிக் குலசேகரன் தரப்பு விக்கிரமனுக்கு முடி. அந்தப் பையன் தன் வாழ்க்கையில் ஒரு தடவையாவது "எனக்கு மதுரையே வேண்டாம், மலையிலேயே இருந்துவிடுகிறேன்" என்று சொல்லியிருக்க மாட்டானா?

ஒரு வயது, இரண்டு வயதுப் பிள்ளைகள் என்ன ஆனார்கள்? ராஜாதிராஜனுக்குப் பின் 1178இல் வந்த மூன்றாம் குலோத்துங்கன் அவர்களில் ஒருவரா, வேறு கிளையா என்று வரலாற்றாசிரியர்களிடம் ஒருமித்த கருத்து இல்லை.

வீட்டுக் கதைக்கு வருகிறேன். பத்திரம் எழுதுவதற்கு முந்தைய வாரம், பெரியப்பா அம்மாவிடம், "புள்ள காசுல ஒரு பைசா தொடமாட்டேன், வா, மூலஸ்தானத்துல கற்பூரம் அணைச்சு சத்தியம் பண்றேன்" என்றாராம். படிக்காத அம்மா, அவளும் திருவொற்றியூர்க்காரிதானே, "மூலஸ்தானம் வேணாம் மாமா, மகிழடியில வந்து பண்ணுங்க" என்றிருக்கிறாள். பெரியப்பா ஒரு நிமிஷம் முறைத்துப் பார்த்தாராம். அப்புறம் மூன்று சுற்றும் சுற்றினார். தாய்மாமா சாட்சி. எங்கள் வீட்டில் இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி, சுந்தரர் பெரியப்பா மாதிரி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டுதான் மரத்தைச் சுற்றியிருப்பார் என்று சின்ன வயதில் எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

பெரியம்மா போன பிறகு பரணைச் சுத்தம் செய்தபோது ஒரு நீல அட்டை நீள நோட்டு கிடைத்தது. பெரியப்பா கையெழுத்து. 1982 ஆனியிலிருந்து மாதாமாதம், சைக்கிள் கடை 60, தையல் கடை 45, அதற்குக் கீழே "பிள்ளை பங்கு 52.50". பெயர் இல்லை. பத்திரத்திலாவது பெயர் இருந்தது. வாடகை ஏற ஏறப் பங்கும் ஏறுகிறது. ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. தொழில் முறையில் சொல்கிறேன், சுத்தமான கணக்கு. 1991 வைகாசியில் நின்றுவிடுகிறது. அந்த ஆவணியில்தான் பெரியப்பா மகளான அக்காவுக்குக் கல்யாணம். நோட்டில் மிச்சம் நாற்பது பக்கம் வெள்ளையாக இருக்கிறது.

அந்த வருடங்களில் அம்மா காசிமேட்டில் உட்கார்ந்து எக்ஸ்போர்ட் சட்டைகளுக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். அதையும் சொல்ல வேண்டும். 1998இல் என் கல்லூரிக்கு முதல் வருட ஃபீஸைப் பெரியப்பா மஞ்சள் பையில் கொண்டுவந்து, வாசலிலேயே நின்று கொடுத்துவிட்டுப் போனார். அதையும் சொல்ல வேண்டும். இரண்டையும் வட்டியோடு போட்டால் யார் யாருக்குப் பாக்கி என்று ஐந்து நிமிஷத்தில் என்னால் சொல்லிவிட முடியும். போட்டுப் பார்க்கவில்லை.

இந்த மாசியில் மகிழடி சேவைக்கு முந்தின நாள், கூட்டம் சேர்வதற்கு முன்னால், பெரியப்பாவை ஆட்டோவில் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். எண்பத்தாறு வயது. கண்புரை ஆபரேஷன் ஆன கண்ணைச் சுருக்கிக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்தார். சும்மா இருக்காமல் நான் ராஜாதிராஜன் கதையை ஆரம்பித்தேன். ஒன்றும் இரண்டும் திருநட்சத்திரம் என்ற இடம் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அந்தப் புள்ளைங்க அப்பாலிக்கு இன்னா ஆச்சுங்க?"

"தெரியல பெரியப்பா. எழுதி வைக்கல."

"ஏன் எழுதல?"

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவரும் வற்புறுத்தவில்லை. கொஞ்ச நேரம் கழித்து என் தோளைப் பிடித்து எழுந்து, மரத்தைச் சுற்ற ஆரம்பித்தார். நான் செருப்பைப் பார்த்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.

திரும்பும்போது தேரடியில் சிக்னலில் அம்மா போன் செய்தாள். அவரோடு போவது அவளுக்குத் தெரியும்.

"கூட்டம் இல்லையே?"

"இல்லம்மா."

"சுத்துனாரா?"

"சுத்துனாரு."

"மூணும்?"

பெரியப்பா ஆட்டோ கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முட்டி வலிம்மா. ஒண்ணுதான்."

"ம்" என்று சொல்லிவிட்டு, வரும்போது அரை லிட்டர் பால் வாங்கிவரச் சொன்னாள்.